பாருல கெடந்தோம்

வழக்குரைஞர் சங்கத்தில் எனக்கு இன்னும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை மக்களவைக்குப் போய்வந்து, தேர்தலும் வேண்டாம் வழக்கும் வேண்டாம் என்று ஓய்ந்த பிறகும், வாரத்தில் ஒரு நாளாவது அங்கே போய் உட்காராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஷர்மிளா தன் கைபேசியை நீட்டினாள். அவள் என்னிடம் கடைசியாக ஜூனியராக இருந்தவள். இப்போது தனியாக ஆபீஸ் போட்டு, என்னைவிட வேகமாக வாதாடுகிறாள்.

"மேடம், இனிமே சாட்சி பேசப் பேச இதுவே எழுதிரும். அப்படியே இங்கிலீஷ்லயும் மாத்திக் குடுத்துரும். ஏதாவது சொல்லிப் பாருங்களேன்."

நான் ஒரு வாக்கியம் சொன்னேன். எங்கள் ஊர்த் தமிழில், என்னைப் பற்றி ஒருத்தி ஊரறியச் சொன்ன வாக்கியம். கருவி அதை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

"எதுக்கு மேடம் இப்படிச் சிரிக்கிய?"

"அதச் சொல்லணும்னா சூசை கேஸ்லருந்து சொல்லணும். ஏளா, சாயங்காலம் வீட்டுக்கு வா."

வந்தாள். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். டீச்சர் டிரெயினிங், இல்லையென்றால் நர்ஸ் டிரெயினிங் என்று இரண்டே வழி வைத்திருந்த வீட்டில் நான் மூன்றாவதாக ஒன்று கேட்டேன். அம்மா ஜெபக்கூட்டத்தில் எனக்காக மன்றாடினாள், அப்பா பேசாமல் பணம் கட்டினார். சென்னையில் சட்டம் படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், தேறினேன், கறுப்புக் கோட்டு தைத்தேன். தூத்துக்குடி கோர்ட்டில் அப்போது பெண் வக்கீல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கட்சிக்காரர்கள் என் எதிரில் உட்கார்ந்துகொண்டே, "வக்கீலு எப்பம்மா வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். "வந்தாச்சு" என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிரிப்பேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஸ்ரீவைகுண்டத்து ஆதிநாதன் சார். ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நீதிபதி கோபப்பட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நீதிபதி ஓயும்வரை துடைப்பார். பிறகு மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அந்தக் கண்ணாடிக்குப் பயந்தே சில நீதிபதிகள் கோபத்தைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று சங்கத்தில் கேலி செய்வார்கள்.

அவரிடம் இரண்டு கட்டாயங்கள் இருந்தன. எதை எழுதினாலும் கட்சிக்காரருக்கு அவர் வீட்டில் பேசுகிற தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினால் திரும்பப் படிக்க வேண்டும். "தலைய ஆட்டுதாருன்னா புரியலன்னு அர்த்தம். புரிஞ்சவன் ஒரு கேள்வி கேப்பான்" என்பார். இரண்டாவது, சாட்சி சொல்லி முடித்த பிறகு நடப்பது. அந்தக் காலத்தில் எங்கள் கோர்ட்டில் சாட்சி தமிழில் சொல்வார், நீதிபதி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். எழுதியதை குமாஸ்தா படித்துக் காட்ட, சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். ஊர் முழுக்க அதை ஒரு சடங்காகத்தான் செய்தார்கள். குமாஸ்தா முணுமுணுப்பார், சாட்சி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஆதிநாதன் சாரின் ஜூனியர் மட்டும் சாட்சியின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். மற்ற ஜூனியர்கள் டீக்கடைக்குப் போகிற நேரம் அது. நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன்.

சூசை சங்கு குளிக்கிறவர், அதாவது கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிறவர். திரேஸ்புரத்துக்காரர். ஒருநாள் காலையில் வல்லத்தை, எங்கள் கரைப் படகை, நிறுத்திவிட்டு நாலைந்து பேராகக் குளித்துக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற கப்பலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஒரு கம்பெனியின் லாஞ்சி, இயந்திரப் படகு, அவர்கள் நடுவே பாய்ந்துவிட்டது. மூச்செடுக்க மேலே வந்த சூசை அதன் அடியில் மாட்டிக்கொண்டார். கரைக்கு உயிரோடு வரவில்லை. அவர் மனைவி செலினுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவளுக்காக நஷ்டஈட்டு வழக்கை நாங்கள் போட்டோம். லாஞ்சி தன் வழியில்தான் போனது, வல்லத்தில் இருந்தவர்கள்தான் நிதானமில்லாமல் வழியில் வந்து கிடந்தார்கள் என்பது கம்பெனியின் பதில்.

சூசையோடு குளித்த மிக்கேல் எங்கள் முக்கிய சாட்சி. நீதிபதி வடக்கே வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்லவர், அவசரக்காரர். கம்பெனி வக்கீல் உள்ளூர்க்காரர், கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் குறுக்கு விசாரணையில் கேட்டது நாலே கேள்வி.

"சம்பவத்துக்கு முந்தி எங்க இருந்தீரு?"

"பாருல கெடந்தோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

"எப்ப இருந்து?"

"விடியக்காலத்துலருந்து."

"தண்ணி எப்படி?"

மிக்கேலின் முகம் மலர்ந்துவிட்டது. "அன்னைக்கித் தண்ணி நல்லா இருந்துச்சு சார். அப்படித் தண்ணி கிடைக்கது அபூர்வம்."

வக்கீல் மிகவும் மரியாதையாக, "அவ்வளவுதான், யுவர் ஆனர்" என்று உட்கார்ந்தார்.

எங்கள் கரையில் பார் என்றால் கடலுக்கடியில் பாறையும் சிப்பியுமாகக் கிடக்கிற மேடு. முத்து விளைந்ததும் பாரில்தான், சங்கு குளிக்கிறவர்கள் வல்லத்தை நிறுத்துவதும் அதை ஒட்டித்தான். நங்கூரம் போட்டு நிற்பதைத்தான் கிடக்கிறது என்பார்கள். குளிக்கிறவனுக்குத் தண்ணி நன்றாக இருக்கிறதென்றால், கலங்கல் இல்லாமல் அடி தெரிகிறது என்று பொருள். மிக்கேல் சொன்னது இவ்வளவுதான்.

சாயங்காலம் வராந்தாவில் மிக்கேலை நிறுத்திக்கொண்டு, குமாஸ்தாவிடமிருந்து தாளை வாங்கித் தமிழாக்கினேன். பெயர், வயது, தொழில் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வரியைச் சொல்லும் முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். "நாங்கள் எல்லோரும் விடியற்காலையிலிருந்து மதுக்கடையில் விழுந்து கிடந்தோம். அன்று சரக்கு நன்றாக இருந்தது. அப்படிப்பட்ட சரக்கு கிடைப்பது அபூர்வம்."

மிக்கேல் தலையை ஆட்டவில்லை. கேள்வி கேட்டார்.

"யம்மா, இது யாரு சொன்னது?"

"நீங்க சொன்னதாத்தான் எழுதியிருக்கு."

"நான் பாருன்னுல்லா சொன்னேன்?"

"அவரும் பாருன்னுதான் எழுதியிருக்காரு அண்ணாச்சி. வேற பாரு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குமாஸ்தா, பஸ்ஸுக்கு நேரமாகிறது, எல்லாரும் போடுகிற கையெழுத்துதானே என்று கத்தினார். நான் போட விடவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு பிடிவாதக்காரி என்று எனக்கே தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அதற்குள் அந்த வார்த்தை கோர்ட் வாசலைத் தாண்டிவிட்டது. கம்பெனி ஆட்கள் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் மீன் ஏலம் போடுகிற இடம் வரைக்கும் பேச்சு. மறுநாள் காலையில் செலின் ஆபீஸுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டுச் செத்தாருன்னு கோர்ட்டுல எழுதியிருக்காமே, நெசமா?"

ஆதிநாதன் சார் ஒளிக்கவில்லை. "எழுதியிருக்கும்மா. தப்பா எழுதியிருக்கு."

"கல்யாணத்துக்கு முந்தி எங்க அய்யா கேட்டாருன்னு, கோயில்ல சாமியார் கையில அடிச்சு சத்தியம் பண்ணுனவரு. ஒரு சொட்டு தொட்டதில்ல. நாளைக்கு எம் புள்ளைய இத வாசிக்கும்லா? துட்டு தந்தா தாராவ, தராட்டி போறாவ. அந்த வார்த்தய எடுத்துருங்க சார்."

அவள் போன பிறகு சார் வழக்குக் கட்டை மூடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு நீங்கதான் பேசணும்" என்றார். "நான் பேசுனா, நீர் எழுதுனது தப்புன்னு ஜட்ஜ்கிட்ட சொன்ன மாதிரி ஆயிரும். அவருக்கு ரோசம் வந்துட்டா வார்த்த அப்படியே நின்னுரும். அவராக் கண்டுபிடிச்சாருன்னு இருக்கணும். எப்படின்னு நீங்களே யோசிங்க."

ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று கதை விடமாட்டேன். டிபன் கேரியரைத் திறந்தபோதே தோன்றிவிட்டது. நீதிபதி சம்பவ இடத்தை நேரில் பார்வையிடலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு சின்ன மனு எழுதி சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நீதிபதியின் கோபம் எதுவும் இல்லாமலே அவர் கண்ணாடி துடைத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் எழுந்து நின்றேன். மனுவை நீட்டினேன்.

"யுவர் ஆனர், சாட்சி சொன்ன பாரை இந்த நீதிமன்றம் நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "என்னம்மா இது? என்னை பிராந்திக் கடைக்கு வரச் சொல்றீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"வல்லத்துல போகணும், யுவர் ஆனர்."

"எதுல?"

"வல்லத்துல. மீன்பிடிக்கிற படகு. பார் எட்டு பாகம் தண்ணிக்கு அடியில இருக்கு. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், யுவர் ஆனர்." கையை விரித்தும் காட்டினேன். கறுப்பு கவுனோடு நான் சிலுவை மாதிரி நின்றதை சங்கத்தில் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

நீதிபதி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், முன்னால் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கம்பெனி வக்கீல் பக்கம் திரும்பினார்.

"நீங்க இந்த ஊர்தானே?"

"ஆமா, யுவர் ஆனர்."

"பார்னா என்ன?"

வக்கீல் ஏற்கெனவே திறந்திருந்த வழக்குக் கட்டை மறுபடியும் திறந்தார். "கடல்ல... ஒரு மேடு, யுவர் ஆனர்."

"முந்தாநாள் நான் எழுதும்போது அது உங்களுக்குத் தெரியுமா?"

வக்கீல் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். நீதிபதி மறுபடி கேட்கவில்லை. மிக்கேலைத் திரும்பக் கூண்டில் ஏற்றி, ஒவ்வொரு வார்த்தையாகத் தானே கேட்டார். பிறகு தாளைக் கையில் எடுத்து, அந்த வரிகளைத் தன் கையாலேயே அடித்தார். பக்கத்தில் எழுதப் போனவர் தலையைத் தூக்கி, "இதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?" என்றார்.

"பார்தான், யுவர் ஆனர். பேப்பருக்குப் போடுற பீல தொடங்கி ஏ ரெண்டு போட்டாப் போதும்."

போட்டார். சுருக்கொப்பம் வைத்து, திருத்தியதைச் சத்தமாகப் படித்தார். கடைசி பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு செலின் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

சிலுவை போட்டுக்கொண்டு, அந்த வராந்தாவிலேயே சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அழுதேன். ஆதிநாதன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மனுவில் கேட்டபடி நீதிபதி பாருக்கும் வந்தார். துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தார், ஆனாலும் திரும்பலாம் என்று சொல்லவில்லை. பாரின் மேலே வல்லம் நின்றபோது தண்ணீர் தெளிவாக இருந்தது. தூரத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய தூரத்தில், ஒரு லாஞ்சி தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. நீதிபதி அதைப் பார்த்துவிட்டு மிக்கேலிடம் கேட்டார்.

"அவ்வளவு தள்ளிப் போறது இங்க எப்படிய்யா வந்துச்சு?"

"அதத்தான் சார் நாங்களும் கேக்கோம்."

வழக்கை ஜெயித்தோம். கம்பெனி மேல்முறையீட்டுக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு கடற்கரையிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வழக்குகள் என்னைத் தேடி வந்தன. லோடுமேன்கள், லாரி டிரைவர்கள், வலை அறுபட்டவர்கள் என்று என் ஆபீஸில் மீன்வாடையும் நிலக்கரித் தூசியும் மாறி மாறி அடிக்கும். "வக்கீலு எப்ப வருவாரு" என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பேர்தான் பின்னால் ஒரு கட்சியை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. முதல் தேர்தலில் தோற்றேன், இரண்டாவதில் ஜெயித்தேன். அரசியலைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஆசையில்லை, தொழிலைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

டெல்லியில் முதல் பேச்சைத் தமிழில் பேசுவது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். நாம் பேசப் பேச ஒருவர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மொழிபெயர்ப்பார், மற்ற உறுப்பினர்கள் காதில் மாட்டிக் கேட்பார்கள். நான் கம்பீரமாகத் தொடங்கினேன். "எங்கள் ஊரில் குளிக்கிறவர்கள் விடியும் முன்னே பாருக்குப் போகிறார்கள்."

எதிர்வரிசையில் ஒரு சிரிப்பு. எங்கள் வரிசையிலும் ஒரு சிரிப்பு. சந்தேகப்பட்டு நானும் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் விடியும் முன்னே குளித்துவிட்டு மதுக்கடைக்குப் போவதாக மக்களவைக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தது. மொழிபெயர்த்தவர் பாவம், டெல்லியிலேயே வளர்ந்த தமிழர், கடலைப் படத்தில் பார்த்தவர்.

வேறு யாராவது என்றால் கூனிப்போயிருப்பார்கள். எனக்குப் பழைய கோர்ட்டில் நிற்பது போலத் தைரியம் வந்துவிட்டது. அவைத்தலைவரிடம் அனுமதி கேட்டு, அந்த இரண்டு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினேன். அச்சுக்குப் போகும் முன் பேச்சின் பிரதியை நம்மிடம் சரிபார்க்கக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் பார்க்காமலே திருப்பி அனுப்புவார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்து, பீல தொடங்கி ஏ ரெண்டு போட்டுக் கொடுத்தேன். நாட்டின் மக்களவைப் பதிவில் எங்கள் கரைச் சொல் அதே எழுத்தில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, அதை மறைக்கவும் நான் விரும்பவில்லை.

நான் அதைவிடப் பெருமைப்படுவது, கேமரா இல்லாத ஒரு குழு அறையில் நடந்ததைப் பற்றி. கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு தருகிற ஒரு மசோதா எங்கள் குழுவுக்கு வந்தது. 'மீன் பிடிப்பவர்' என்று அதில் ஒரு விளக்கம். அதை மனதுக்குள் மிக்கேல் அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டவில்லை. "இதுல நாங்க எங்கன இருக்கோம்?" என்றார்.

அதையே நான் அதிகாரியிடம் கேட்டேன். சங்கும் மீன் இனத்தில் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளலாமே என்றார் அவர், மிகப் பணிவாக.

"எடுத்துக்கலாம்னு நீங்க சொல்றீங்க. காப்பீட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவரு, சங்கு மீனில்லைன்னு சொல்லுவாரு. அவர் சொல்றது சரியாவும் இருக்கும்."

சூசை வழக்கை அங்கே முழுதாகச் சொன்னேன். ஒரு வார்த்தை தப்பாக விழுந்ததற்கே ஒரு பெண் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள், வார்த்தையே இல்லாமல் போனால் எத்தனை பேர் எங்கே போய் அழுவார்கள் என்று கேட்டேன். குழுத் தலைவர் மலைநாட்டுக்காரர். அவர் என்னிடம் கேட்டது, அந்தம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று மட்டும்தான். 'நீரில் மூழ்கிச் சங்கு முதலியவற்றை எடுப்பவர்களும்' என்ற வரி மசோதாவில் ஏறியது. அவையில் ஒருவரும் எதிர்க்கவில்லை, செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை.

முதல் பதவிக்காலம் முடிந்து மறுபடி நின்றபோது திரேஸ்புரத்தில் வண்டியில் நின்று ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து வந்த தலைவர் ஒருவர் மைக்கில் எனக்குப் பட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் சும்மா நின்றது. செலின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலையெல்லாம் நரைத்திருந்தது. "சார், அத இங்கன குடுங்க" என்று அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"இவுக யாருன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்க வீட்டுக்காரர பாருலருந்து பாருக்குக் கூட்டியாந்தவுக. அம்புட்டுத்தான்."

அந்தத் தெரு முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. தலைவர் என் காதருகே குனிந்து, "என்னங்க, அந்தம்மா நம்மளத் திட்றாங்களா?" என்றார். நான் செலினைப் பார்த்துக் கை கூப்பினேன்.

இதைச் சொல்லி முடித்ததும் கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஷர்மிளா சிரிக்காமல் கைபேசியை எடுத்து, சங்கத்தில் அன்று கருவி எழுதியதைத் தேடினாள். செலினின் வாக்கியத்தைத்தான் நான் அதனிடம் சொல்லியிருந்தேன். 'என் கணவரை ஒரு மதுக்கடையிலிருந்து இன்னொரு மதுக்கடைக்கு அழைத்து வந்தவர்' என்று அது எழுதியிருந்தது.

"நாளைக்கு எனக்கு ஒரு சாட்சி இருக்கு மேடம். ஹார்பர் லோடுமேன்" என்றாள். "இது எழுதுனத அவருக்கு நான் ஒரு வாட்டி வாசிச்சுக் காட்டணும்."

"தலைய ஆட்டுனா?"

"திரும்ப வாசிப்பேன்."

செலின் இறந்து இரண்டு வருஷமாகிறது. கல்லறையில் அவளைச் சூசைக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள். அவள் இருந்து இதைக் கேட்டிருந்தால் சிரித்திருக்கமாட்டாள், முதலில் 'எடுத்தாச்சா?' என்றுதான் கேட்டிருப்பாள் என்று ஷர்மிளாவிடம் சொன்னேன். அவள் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மதுக்கடை மறைந்து, அந்த இடத்தில் பீல தொடங்கி ஏ ரெண்டு விழுந்தது.

"எடுத்தாச்சு மேடம்" என்றாள்.